ரஷ் எப்படிப் பிடித்துப்போனது: ஒரு விவாத இழை

9 செப்டம்பர் 2025 – ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்

இளமையில் கேட்கச் சகிக்காது என்று ஒதுக்கிய ராக் குழுவை ஐம்பது வயதுக்கு மேல் பாராட்டத் தொடங்குகிறவர்களை நான் நம்புவதில்லை. பதிவு மாறவில்லை, பாடல் மாறவில்லை. ஒன்று, கேட்கிறவரின் காது தளர்ந்திருக்கிறது. அல்லது அந்தக் குழுவின் ரசிகர்கள் சொல்லிச் சொல்லியே அவரைக் கரைத்திருக்கிறார்கள். வேறு காரணம் இருப்பதாக யாராவது சொல்ல முடியுமா?

10 செப்டம்பர் 2025

சொல்ல முடியும். என் விஷயத்தில் அந்தக் குழு கனடாவின் ரஷ். கெட்டி லீ பாடுவார், பேஸ் கித்தார் வாசிப்பார், விசைப்பலகையையும் கவனிப்பார். அலெக்ஸ் லைஃப்சன் கித்தார். நீல் பியர்ட் டிரம்ஸ் வாசித்ததோடு பாடல் வரிகளையும் எழுதினார். 1974 முதல் 2015 வரை ஆள் மாறாத மூவர். 1990களின் தொடக்கத்தில் நான் கோவையில் பொறியியல் படித்தபோது விடுதி அறைகளில் டீப் பர்ப்பிளும் லெட் செப்பெலினும் பிங்க் ஃபிளாய்டும் ஒலிநாடாக்களாகக் கைமாறிக்கொண்டிருந்தன. அவற்றோடு ரஷ் நாடா ஒன்றும் எப்படியோ வந்து சேர்ந்து, முதல் பாட்டு முடியும் முன்பே நிறுத்தப்பட்டது. கழுத்தைப் பிடித்துத் தூக்கிய சேவல் என்று அந்தக் குரலுக்கு விடுதியில் தீர்ப்பு எழுதினோம்.

அன்று நான் சொன்ன குறைகள் மூன்று: குரல் கீச்சிடுகிறது, இசை முழுவதும் கணக்காக இருக்கிறது, வரிகள் பாடலாக இல்லாமல் பிரசங்கமாக இருக்கின்றன. இம்மூன்றில் எதையும் நான் இன்றும் திரும்பப் பெறவில்லை என்பதுதான் நான் சொல்ல வருவது. அன்று கேட்ட அதே குணங்களைத்தான் இன்றும் கேட்கிறேன். அவற்றில் ஒன்று எனக்கு வேண்டியதாக மாறியது, ஒன்று பழகிப்போனது, ஒன்று இன்றும் உறுத்துகிறது. காது தளர்ந்திருந்தால் முதலில் நழுவிப் போயிருக்க வேண்டியது அந்தக் கணக்குதான். எனக்கு அதுதான் முதலில் திறந்தது. விரிவாகப் பிறகு எழுதுகிறேன்.

11 செப்டம்பர் 2025

முதல் தொகுப்பில் பியர்ட் இல்லையே என்று திருப்பூர் நண்பர் கேட்பது சரி. 1974 மார்ச்சில் வந்த முதல் தொகுப்பில் டிரம்ஸ் வாசித்தவர் ஜான் ரட்சி. பியர்ட் அதே ஆண்டு ஜூலை இறுதியில்தான் சேர்ந்தார். நான் குறிப்பிட்ட மூவர் அதற்குப் பிந்தைய மூவர். இந்த இழையில் இவ்வளவு ரஷ் ரசிகர்கள் ஒளிந்திருக்கிறார்கள் என்று தெரிந்திருந்தால் இன்னும் கவனமாக எழுதியிருப்பேன்.

13 செப்டம்பர் 2025

சோமனூர்ப் பக்கம் தறிக்குடோனில் வளர்ந்தவன் என்று நான் வேறோர் இழையில் எழுதியிருந்ததை நினைவில் வைத்துக்கொண்டு, விசைத்தறியின் சீரான தாளம்தான் என்னைக் கடைசியில் ரஷ்ஷிடம் கொண்டு சேர்த்திருக்க வேண்டும் என்று பல்லடத்திலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். கேட்க அழகாக இருக்கிறது, உண்மை அப்படியில்லை. தறிக்குடோன் சத்தம் சீரானது என்று நினைப்பவர்கள் வெளியிலிருந்து கேட்டவர்கள். உள்ளே ஒவ்வொரு தறியும் மயிரிழை வேக வித்தியாசத்தில் ஓடுவதால், நாடா (ஊடை நூலைச் சுமந்து ஓடும் கட்டை) மோதும் ஓசைகள் சற்று நேரம் ஒன்றாக விழுந்து, பிறகு பிரிந்து, மறுபடி நெருங்கிக்கொண்டே இருக்கும். பாவு நூல் அறுந்து ஒரு தறி நின்றால் அந்த இரைச்சலுக்குள்ளும் அது உடனே தெரிந்துவிடும். அங்கே பேச்சு எடுபடாது. பெரும்பாலும் உதட்டசைவையும் கையையும் பார்த்தே பேசிக்கொள்வோம். அந்தச் சத்தத்திலிருந்து தப்பிக்கத்தான் நான் பாட்டுக் கேட்கத் தொடங்கினேன். எனக்கு வேண்டியிருந்தது நெகிழ்வு: தாளத்துக்குக் கொஞ்சம் பின்தங்கி வந்து விழும் புளூஸ் கித்தார், ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்கும் பாடகன். ரஷ்ஷில் எல்லாமே குறித்த இடத்தில் குறித்த நேரத்தில் வந்து நின்றது. ஆகவே தறி என்னை ரஷ்ஷிடம் சேர்க்கவில்லை. அந்த வாசலை இருபது ஆண்டுகளுக்கு மேல் அடைத்து வைத்திருந்ததே அதுதான்.

14 செப்டம்பர் 2025

அப்படியானால் திறந்தது எது என்ற கேள்விக்கு: திருப்புகழ்.

சிரிக்க வேண்டாம். என் மனைவி கிருத்திகைதோறும் திருப்புகழ் பாடும் குழுவில் இருக்கிறார். பழநி, அவிநாசி என்று கொங்குத் தலங்களில் அருணகிரிநாதர் பாடியவற்றை அவர்கள் விரும்பிப் பாடுவார்கள். எங்கள் வீட்டுக் கூடத்தில் பயிற்சி நடக்கும்போது, தாளம் தப்புகிறது என்று யாராவது குறை சொல்லவே, கணக்குத் தெரிந்தவன் என்ற ஒரே தகுதியில் என்னை ஓரத்தில் உட்கார வைத்துக் கையால் தாளம் போடச் சொன்னார்கள். அவர்கள் வைத்திருக்கும் பாட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு பாடலின் தலைப்பிலும் சந்தக் குழிப்பும் (பாட்டின் ஓசை வாய்பாடு) அதன் கீழே அங்க தாளமும் அச்சிட்டிருக்கும்: தகிட 1½, தகதிமி 2, தக 1 என்று துண்டு துண்டாகப் பிரித்து, மொத்த எண்ணிக்கையை அடைப்புக்குள் போட்டிருப்பார்கள். சில பாடல்கள் ஏழரை, சில எட்டரை, சில பத்து. சினிமாப் பாட்டின் நான்கிலும் மூன்றிலும் வளர்ந்த கைக்கு இவை முதலில் பிடிபடாது. ஆனால் மூன்றும் நான்குமாக உடைத்துச் சொல்லப் பழகிவிட்டால், பாட்டின் சொற்கள் ஏன் அந்த இடத்தில் மடங்குகின்றன என்பது கூடவே விளங்கும். கணக்கு தனியாகவும் பாட்டு தனியாகவும் இல்லை என்று தெரிந்துவிடும்.

இது பழகிய பிறகு, விடுமுறைக்கு வந்திருந்த மகன் ஒலிபெருக்கியில் எதையோ ஓடவிட்டிருந்தான். மணியடிப்பது போன்ற உலோக ஒலியில் ஒரு வரி வந்தது, அதன் மேல் கித்தாரும் பேஸும் சேர்ந்துகொண்டன. நான் அங்க தாளம் போட ஆரம்பித்திருந்தேன். பத்து எண்ணிக்கையில் சரியாக வந்து முடிந்தது. ரஷ் என்று அவன் சொன்னபோது எரிச்சல்தான் வந்தது.

அந்தப் பாடல் 1981இல் வெளியான ‘மூவிங் பிக்சர்ஸ்’ தொகுப்பில் உள்ள ‘ஒய் ஒய் ஸெட்’. குரல் இல்லாத உருப்படி. எனக்குத் தோதாக அமைந்த தற்செயல் அது. அந்த மூன்றெழுத்து டொராண்டோ பியர்சன் விமான நிலையத்தின் குறியீடு. விமானத்தில் பறந்துகொண்டிருந்தபோது வானொலிச் சமிக்ஞையில் அந்த எழுத்துகளுக்குக் கேட்ட மோர்ஸ் (புள்ளியும் கோடுமாக எழுத்தை அனுப்பும் தந்திக் குறி) ஒலியை அப்படியே தாளமாக்கினார்கள். ஒய் என்பது கோடு, புள்ளி, கோடு, கோடு. ஸெட் என்பது கோடு, கோடு, புள்ளி, புள்ளி. கோட்டுக்கு இரண்டு, புள்ளிக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் ஏழு, ஏழு, ஆறு. திருப்புகழ் புத்தகத்தில் இரண்டு அசைக்கு ஓர் எண்ணிக்கை என்பதால், அதில் அச்சிட்டால் இப்படி வரும்:

தகிட 1½, தகதிமி 2. தகிட 1½, தகதிமி 2. தகதிமி 2, தக 1 – மொத்தம் 10.

மேலைநாட்டு இசைக்குறிப்பில் இதைப் பத்துக்கு எட்டு என்று எழுதுகிறார்கள். அதுவும் இதே பத்துதான். ஏழு என்பது மூன்றும் நான்கும் சேர்ந்த மிஸ்ரமாகத் தானாகவே உடைவதை அவர்கள் திட்டமிட்டிருக்க வாய்ப்பில்லை. ஒய் என்ற எழுத்துக்கு மோர்ஸ் கொடுத்த வடிவம் அது. அந்தத் தொடக்க வரி நகரும் இரண்டு சுரங்களுக்கு இடைப்பட்ட தூரம் ஷட்ஜமத்துக்கும் (ச) பிரதி மத்தியமத்துக்கும் (உயர்ந்த ம) உள்ள தூரம் என்பதால் காதில் ஒரு நிலைகொள்ளாமை தொடர்ந்து இருக்கும். அந்தப் பத்தை வெறும் கணக்காகக் கேட்டால் தலைவலி. மூன்று நான்காகக் கையில் போட்டுக் கேட்டால் ஆட்டம்.

ஈரோட்டு வாசகருக்கு: எந்த ரசிகரும் என்னைக் கரைக்கவில்லை. வேறொரு காரியத்துக்காகக் கற்றுக்கொண்ட ஒன்று, கேட்கத் தெரியாதிருந்த ஒன்றைக் கேட்க வைத்தது.

15 செப்டம்பர் 2025

கோபியிலிருந்து, தந்தி அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவர் ஒருவர் எழுதுகிறார்: மோர்ஸ் விதிப்படி ஒரு கோட்டின் நீளம் மூன்று புள்ளி, இரண்டு என்று நான் வைத்துக்கொண்டது தந்திக்காரர்களுக்கு ஒவ்வாது. விதி அவர் சொல்வதுதான். ரஷ் அதைப் பாடலுக்காக இரண்டாகச் சுருக்கிவிட்டார்கள். எழுத்துகளுக்கு இடையே விட வேண்டிய இடைவெளியையும் விழுங்கிவிட்டார்கள். எங்கள் அலுவலகத்தில் இப்படி அடித்திருந்தால் மெமோ கொடுத்திருப்பார்கள் என்று முடித்திருக்கிறார்.

15 செப்டம்பர் 2025, இரவு

இதையும் போட்டுவிடுகிறேன். நம் பீளமேட்டு விமான நிலையத்துக்குப் பயணச்சீட்டில் அச்சாகும் குறியீடு சிஜேபி. அதே முறையில் எழுதிப் பார்த்தேன். சி: கோடு, புள்ளி, கோடு, புள்ளி – ஆறு. ஜே: புள்ளி, கோடு, கோடு, கோடு – ஏழு. பி: கோடு, புள்ளி, புள்ளி, புள்ளி – ஐந்து. அங்க தாளத்தில் தகிட, தகிட, தகிட, தகதிமி, தகிட, தக. மொத்தம் 9. டொராண்டோவை விடக் கோவை நன்றாகவே ஓடுகிறது. மனைவியிடம் காட்டினேன். “இதுக்கு அருணகிரியாரே ஒரு பாட்டு வெச்சிருப்பாருங்க, புத்தகத்துல தேடிப் பாருங்க” என்றார். தேடிக்கொண்டிருக்கிறேன்.

19 செப்டம்பர் 2025

குரல். கொடுமுடிக்காரர் ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்: 1908இல் கே.பி. சுந்தராம்பாள் பிறந்த ஊரைச் சேர்ந்தவன் நான், உச்ச ஸ்தாயியில் பாடுவது குற்றமா என்று. உச்சம் குற்றமில்லை. சுந்தராம்பாள் எவ்வளவு மேலே போனாலும் ஒவ்வொரு எழுத்தும் முழுதாக வந்து விழும். ஒலிபெருக்கி வசதி குறைந்த மேடைகளில் கடைசி வரிசை வரை சொல் போய்ச் சேர வேண்டும் என்று வளர்ந்த குரல் அது. 1970களின் கெட்டி லீயிடம் மேலே போகப் போகச் சொல் நசுங்கி, ஒலி மட்டும் எஞ்சுகிறது. 1978இல் வந்த ‘ஹெமிஸ்பியர்ஸ்’ தொகுப்பில் குரலைச் சோதித்துப் பார்க்காமல் இசையை முதலில் அமைத்துவிட்டதால், பாட வேண்டிய சுருதி தமக்கே எட்டாத உயரத்தில் அமைந்து மிகவும் சிரமப்பட்டதாக அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஆக எங்கள் விடுதித் தீர்ப்பில் பாதியைப் பாடகரே வழிமொழிந்திருக்கிறார்.

1980க்குப் பிறகு குரல் இறங்கியது. ‘லைம்லைட்’ பாடலில் அவர் பாடுவது கிட்டத்தட்ட பேசுகிற சுருதிதான். இந்தக் குரல் எனக்குப் பழகிவிட்டது என்பதற்கு மேல் எதுவும் சொல்ல மாட்டேன். ஆனால் பாடிக்கொண்டே அவர் செய்கிற வேலையைக் காணொளியில் பார்த்த பிறகு குரலைத் தனியாகப் பிரித்துத் திட்ட மனம் வருவதில்லை. விரல்களில் பேஸ் ஓடுகிறது, வாயில் பாட்டு, இடையில் விசைப்பலகைக்குக் கை தாவுகிறது, காலடியில் இருக்கும் மிதிகளில் தாழ்ந்த ஸ்தாயிச் சுரங்களை மிதிக்கிறார். மேடையில் மூன்று பேர், காதில் விழுவது ஆறு பேரின் வாசிப்பு. கச்சேரிப் பயணத்துக்குக் கூடுதல் கலைஞர்களை அவர்கள் அழைத்துச் சென்றது 2012இல் தொடங்கிய பயணத்தில்தான். அதுவும் நரம்பிசைக் குழு.

20 செப்டம்பர் 2025

மேடை என்றதும் நினைவுக்கு வருகிறது. 1996இலிருந்து லீக்குப் பின்னால் பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகள் தேவைப்படவில்லை. லைஃப்சன் பக்கம் பெட்டிகள் அடுக்கியிருக்க, இந்தப் பக்கம் வெறிச்சென்று இருந்ததால், 2002 பயணத்தில் துணி உலர்த்தும் இயந்திரங்களைக் கொண்டுவந்து நிறுத்தி நிகழ்ச்சி முழுவதும் சட்டைகளைச் சுழலவிட்டார்கள். பின்னாளில் கோழி வாட்டும் அடுப்புகளும் வந்தன. கோவையில் கச்சேரி நடந்திருந்தால் சந்தேகமில்லாமல் வெட் கிரைண்டர்தான், மாவும் ஆகியிருக்கும்.

இன்னொன்று: 2013இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் என்ற புகழ் மண்டபத்தில் அவர்களைச் சேர்த்தபோது லைஃப்சன் ஏற்புரை முழுவதையும் “பிளா பிளா பிளா” என்ற ஒரே சொல்லால், ஏற்ற இறக்கம், உருக்கம், நன்றியறிதல் அனைத்தோடும் நிகழ்த்திவிட்டு இறங்கினார். நம் ஊர்த் திருமண வரவேற்பு மேடைகளில் இதை அறிமுகப்படுத்தலாம். முகம் இறுகிய குழு என்று நினைத்திருந்த எனக்கு இதெல்லாம் தாமதமாகத்தான் தெரிய வந்தது.

24 செப்டம்பர் 2025

வரிகளைப் பற்றி எழுதுவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இன்றும் உறுத்துவது என்று முதல் குறிப்பில் சொன்னது இதைத்தான். 1976இன் ‘2112’ இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதும் நிறையும் இருபது நிமிடப் பாடலில், கோயில் பூசாரிகள் ஆளும் எதிர்காலத்தில் ஒருவன் பழைய கித்தார் ஒன்றைக் கண்டெடுக்கிறான். தனிமனிதனே பெரிது என்று எழுதிய அமெரிக்க எழுத்தாளர் அய்ன் ராண்டின் தாக்கத்தை, அவர் பெயரைச் சொல்லியே, பியர்ட் அந்தத் தொகுப்பிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார். முந்தைய தொகுப்பு விற்காததால் நிறுவனம் சின்னப் பாடல்களைக் கேட்டு நெருக்கியபோது, முடிந்தால் இதோடு முடியட்டும் என்று அவர்கள் செய்த காரியம் அது. அந்தத் துணிச்சலை மதிக்கிறேன். தனி மனிதன் எதிர் கூட்டம் என்ற அந்தத் தத்துவத்தை என்னால் விழுங்க முடியவில்லை. தறிகளுக்குக் கூலி உயர்வு கேட்டுச் சோமனூரும் பல்லடமும் சேர்ந்து தறியை நிறுத்திய காலங்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, கூட்டம் என்றாலே ஒடுக்குமுறை என்று யாரோ பாடுவது ஒட்டாது. பியர்ட் பிற்காலத்தில் அந்த ஆசிரியரிடமிருந்து விலகிவிட்டதாகத் தெளிவாகவே சொன்னார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அதே பேனாவிலிருந்து 1982இல் ‘சப்டிவிஷன்ஸ்’ வந்தது. ஒரே மாதிரி வீடுகள் வரிசை கட்டிய புறநகரில், ஒத்துப்போகாத பிள்ளைகளைப் பள்ளி நடையிலேயே ஒதுக்கிவிடும் ஊரைப் பற்றியது. சரவணம்பட்டிக்கு அப்பால் மனை மனையாகப் பிரித்துக் கட்டிய தெருவில் பிள்ளை வளர்த்தவர்கள் இதைக் கேட்க வேண்டும். 1984இன் ‘ரெட் செக்டார் ஏ’ வதைமுகாமைப் பாடுகிறது. லீயின் பெற்றோர் இருவரும் நாஜி முகாம்களிலிருந்து உயிர் தப்பியவர்கள். இதைப் பிரசங்கம் என்று என்னால் சொல்ல முடியாது.

25 செப்டம்பர் 2025

நேற்று எழுதியதை மறுபடி படித்தபோது, தறி நிறுத்தப் பேச்சில் ஒரு விஷயம் விடுபட்டிருப்பது தெரிகிறது. அந்தப் பாட்டில் ஒடுக்குவது அதிகாரத்தில் இருக்கும் பூசாரிகள். கூலிக்காகக் கூடிய தொழிலாளிகள் அல்ல. கதையை மட்டும் எடுத்துக்கொண்டால் எனக்கு ஆட்சேபம் குறைவு. அதன் பின்னால் நிற்கும் அய்ன் ராண்டைத்தான் எனக்கு ஆகாது.

1 அக்டோபர் 2025

ஈரோட்டு வாசகர் மீண்டும் வந்திருக்கிறார். திருப்புகழ் கதையை ஏற்கிறாராம்; ஆனால் அது ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் பொருந்தும், முழுக் குழுவையும் ஏற்க அது போதாது என்கிறார். நியாயமான கேள்வி. பாட்டிலிருந்து ஆட்களிடம் என்னைக் கொண்டுபோனது பியர்ட்டைப் பற்றித் தெரிந்துகொண்ட ஒன்று.

1990களின் நடுவில் அவருக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது. ராக் டிரம்ஸ் வாசிப்பவர்களில் அவரைத் தலைசிறந்தவராக இதழ்களும் மாணவர்களும் கொண்டாடிக்கொண்டிருந்த காலம். அப்போது அவர் ஃபிரெடி குரூபர் என்ற ஜாஸ் ஆசிரியரிடம் போய் மாணவனாக உட்கார்ந்தார். குச்சி பிடிக்கும் முறையையே மாற்றினார். உட்காரும் உயரத்தையும் கருவிகள் நிற்கும் இடங்களையும் மாற்றினார். அடி விழும் இடத்தை விட, ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே கை எப்படிப் போகிறது என்பதைப் பயின்றார். எந்தத் துல்லியத்துக்காக உலகம் அவரைப் புகழ்ந்ததோ, எதற்காக நான் அவரை ஒதுக்கினேனோ, அந்த இறுக்கம் அவருக்கே போதாமலிருந்திருக்கிறது. பெயரெடுத்த பிறகு பாடம் கேட்கப் போகிறவர்களை நம் சங்கீத உலகத்திலும் எண்ணிவிடலாம். 1996இன் ‘டெஸ்ட் ஃபார் எக்கோ’ அந்தப் பயிற்சிக்குப் பிறகு வந்தது. பாடல்கள் சுமார்தான், டிரம்ஸை மட்டும் தொடர்ந்து கேட்டுப் பாருங்கள்.

அடுத்து நடந்தது கொடுமை. 1997 ஆகஸ்டில் மகள் சாலை விபத்தில் இறந்தார். பத்து மாதம் கழித்து மனைவி புற்றுநோயில் போனார். வாசிப்பதை விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் வட அமெரிக்கா முழுவதும் அலைந்தார். குழு முடிந்துவிட்டது என்றே மற்ற இருவரும் நினைத்தார்கள்; வேறு ஆளைப் போடவில்லை. 2002இல் அவர் திரும்பி வந்தபோது வெளியான ‘வேப்பர் டிரெய்ல்ஸ்’ தொகுப்பின் முதல் ஒலி அவருடைய டிரம்ஸ்தான்.

இங்கே உங்கள் முதல் கேள்விக்கும் ஒரு பதில் இருக்கிறது. பதிவு மாறவில்லை என்றீர்கள். இந்தத் தொகுப்பில் பதிவே மாறியது. ஒலி அளவை அளவுக்கு மீறி உயர்த்தி அச்சிட்டதால் முதல் பதிப்பு முழுவதும் கரகரத்தது. நான் வாங்கிக் கேட்டு எரிச்சலோடு மூடி வைத்தேன். 2013இல் முழுவதையும் புதிதாகக் கலந்து வெளியிட்டார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், முதலாவதில் சுவராக நின்ற கித்தார், இரண்டாவதில் தனித்தனி நரம்புகளாகப் பிரிவது தெரியும். இந்த ஒரு தொகுப்பில் எனக்குப் பிடிக்காமல் போனதற்குக் காரணம் நானும் அல்ல, பாடலும் அல்ல.

8 அக்டோபர் 2025

செய்தி எல்லோருக்கும் வந்திருக்கும். லீயும் லைஃப்சனும் 2026இல் மீண்டும் கச்சேரிப் பயணம் போகிறார்கள். டிரம்ஸுக்கு ஜெர்மனியைச் சேர்ந்த அனிகா நில்லஸ். பியர்ட் 2020 ஜனவரியில் மூளைப் புற்றுநோயால் இறந்துவிட்டார். 2015 ஆகஸ்ட் முதல் தேதி லாஸ் ஏஞ்சலஸ் அருகே நடந்ததுதான் மூவரின் கடைசிக் கச்சேரி. அந்த நாற்காலியில் இன்னொருவர் உட்காரலாமா என்று இங்கே மூன்று பேர் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். துயரத்திலிருந்து ஒருவர் திரும்புவாரா என்றுகூடத் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் நாற்காலியைக் காலியாக வைத்திருந்தவர்கள் அவர்கள். இப்போது எப்போது நிரப்புவது என்று அவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. நில்லஸின் வாசிப்பைச் சில காணொளிகளில் கேட்டேன். அவருடைய கை பியர்ட்டை விடத் தளர்வாக, அடிக்குச் சற்றுப் பின்னால் உட்காருகிறது. விடுதிக் காலத்து நான் கேட்டிருந்தால் இவரைத்தான் முதலில் ஏற்றுக்கொண்டிருப்பேன்.

டிக்கெட் எடுக்கப் போகிறேனா என்று கேட்டவருக்கு: தீபாவளி போனஸ் கொடுத்து முடித்த மாதத்தில் இப்படியெல்லாம் கேட்கக் கூடாது.

12 அக்டோபர் 2025

எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்ட பொள்ளாச்சித் தம்பிக்கு: ‘மூவிங் பிக்சர்ஸ்’ தொகுப்பின் முதல் பக்கத்திலுள்ள நான்கு பாடல்களையும் வரிசை மாற்றாமல் கேளுங்கள். பிறகு 1980இன் ‘பெர்மனன்ட் வேவ்ஸ்’, அதன் பிறகு ‘சிக்னல்ஸ்’. 1978க்கு முந்தியவற்றைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். குரலுக்கு நான் பொறுப்பில்லை. ‘வேப்பர் டிரெய்ல்ஸ்’ என்றால் 2013 பதிப்பு மட்டும். கையில் தாளம் போட்டுக்கொண்டு கேட்பது நல்லது. பேருந்தில் மட்டும் வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் எழுந்து போய்விடுகிறார்.

டிரீம் தியேட்டர் என்ற அமெரிக்க ராக் குழுவையும் இதே போல ஏற்றுக்கொண்டுவிட்டீர்களா என்று அதே தம்பி கேட்டிருக்கிறார். இல்லை. அதற்கு எந்தத் திருப்புகழும் இதுவரை உதவவில்லை.